சத்தியம், வாக்கு, நேர்ச்சை: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சத்தியம் பண்ணிட்டேன், இப்ப என்ன செய்ய?" திருகோணமலை டவுனிலும் கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டைப் பக்கங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. கேட்கிறவர்களில் பாதிப்பேர் தேவையில்லாமல் பயந்துபோய் இருக்கிறார்கள், மற்றப் பாதிப்பேர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இங்கே பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட வழிமுறைகள் நான்கில் ஒன்று) பின்பற்றுவதால் சட்டம் வரும் இடங்களில் அதையே முதலில் சொல்கிறேன். மற்ற மத்ஹபுகளில் வேறு முடிவு இருந்தால், தேவையான இடத்தில் அதையும் சொல்கிறேன். தலாக், வாரிசுச் சொத்து, வழக்கு என்று கலந்துவிட்ட விஷயங்களை மட்டும் இதைப் படித்துவிட்டு நீங்களாக முடிவு பண்ணாமல் ஒரு ஆலிமிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

பேச்சோடு பேச்சாக 'வல்லாஹி' (அல்லாஹ் மேல் ஆணை) என்று வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் கொடுக்க வேண்டுமா?

இல்லை. "வல்லாஹி, இண்டைக்கு என்ன வெயில்", "சாப்பிடுங்க மச்சான், வல்லாஹி சாப்பிடுங்க" என்று நினைக்காமல் நாக்கில் வருவதை அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை என்று குர்ஆனில் அல்பகரா சூராவின் 225 ஆம் வசனமும் அல்மாயிதா 89 ஆம் வசனமும் சொல்கின்றன. உள்ளத்தால் உறுதி செய்து சொன்னதற்குத்தான் கேள்வி. ஆனால் அதே அல்மாயிதா வசனத்தில் "உங்கள் சத்தியங்களைப் பேணிக்கொள்ளுங்கள்" என்றும் இருக்கிறது, அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. எடுத்ததற்கெல்லாம் சத்தியம் செய்கிற ஆளுக்கு வழிப்பட வேண்டாம் என்று அல்கலம் சூராவில் வருகிறது. அல்லாஹ்வின் பெயரைப் பேச்சை நிரப்பப் பாவிக்கக் கூடாது. பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள், இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்.

"உம்மாண", "பிள்ளையாண", "கண்ணாண" என்று சொன்னால் அது சத்தியமா?

மார்க்கப்படி அது கட்டுப்படுத்தும் சத்தியம் இல்லை, முறித்தால் பரிகாரமும் இல்லை. ஆனால் சொன்னதே தவறு. உமர் (ரலி) தன் வாப்பா மேல் சத்தியம் செய்ததைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தகப்பன்மார் மேல் சத்தியம் செய்வதை அல்லாஹ் தடுக்கிறான், சத்தியம் செய்பவர் அல்லாஹ்வின் மேல் செய்யட்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளட்டும் என்றார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் இது. பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு, அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நடுங்குகிற உம்மாமார் இருக்கிறார்கள். ராத்தா, அந்தக் காய்ச்சலுக்கும் நீங்கள் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. தவ்பா செய்துவிட்டு (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு) பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

குர்ஆன் மேல் சத்தியம் வேறு. குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, அதனால் ஷாபிஈ மத்ஹபில் அது சத்தியமாகச் செல்லும், முறித்தால் பரிகாரம் உண்டு.

கோபத்தில் "வல்லாஹி, இனி தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இப்போது அவளுக்குச் சுகமில்லை. போனால் சத்தியம் முறியுமே?

போங்க காக்கா (அண்ணன்), இப்பவே போங்க. சத்தியம் முறியும்தான், முறியட்டும்.

இதை நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் குடும்பங்கள் வருஷக்கணக்கில் பேசாமல் கிடப்பதற்குச் சீதனப் பிரச்சினைக்கும் காணிப் பிரச்சினைக்கும் அடுத்த காரணம் இந்த மாதிரிச் சத்தியம்தான். சண்டை எப்போதோ முடிந்திருக்கும், சத்தியம் மட்டும் நடுவில் நிற்கும். "பேசலாம்தான், ஆனா சத்தியம் பண்ணிட்டனே" என்று பக்தியோடு சொல்வார்கள். அது பக்தி இல்லை. நன்மை செய்வதற்கும் மனிதர்களுக்கிடையில் சமாதானம் செய்வதற்கும் அல்லாஹ்வை உங்கள் சத்தியங்களால் தடையாக்கிவிடாதீர்கள் என்று அல்பகரா 224 நேரடியாகவே சொல்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னதும் அதுதான்: ஒன்றைச் செய்வதாகச் சத்தியம் செய்து, அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததைச் செய், சத்தியத்துக்குப் பரிகாரம் கொடு.

அபூபக்கர் (ரலி) அவர்களின் சம்பவத்தை யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய உறவுக்காரர் மிஸ்தஹ், ஏழை, அவருக்குச் செலவுக்குக் கொடுத்து வந்ததே அபூபக்கர்தான். அவர்களின் மகள் ஆயிஷா (ரலி) மேல் அவதூறு கிளம்பியபோது அந்தப் பேச்சில் மிஸ்தஹும் சேர்ந்துகொண்டார். இனி அவருக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்று அபூபக்கர் சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் அந்நூர் 22 இறங்கியது: வசதியுள்ளவர்கள் உறவினருக்குக் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னிக்கட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா? விரும்புகிறேன் என்று சொல்லி உடனே பழையபடி கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்களும் ஒரு தடவை தன் சகோதரியின் மகன் இப்னு ஸுபைரோடு இனிப் பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டார்கள். பிறகு பேசினார்கள், அதற்காக 40 அடிமைகளை விடுதலை செய்தார்கள், அந்த நேர்ச்சையை நினைக்கும்போதெல்லாம் முக்காடு நனையும்வரை அழுதார்கள் என்று புகாரியில் இருக்கிறது. சத்தியத்தின் பாரத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்? இருந்தும் உறவைத்தான் தேர்ந்தார்கள். தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்து அடுத்த பதிலைப் படியுங்கள்.

சரி, பரிகாரம் என்ன? காசாகக் கொடுக்கலாமா?

அல்மாயிதா 89 சொல்வது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது பத்துப் பேருக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இவற்றில் எதற்கும் வசதியில்லாவிட்டால் மூன்று நாள் நோன்பு. அடிமை இப்போது இல்லை, ஆக உணவு அல்லது உடை.

ஷாபிஈ மத்ஹபில் உணவென்றால் ஆளுக்கு ஒரு 'முத்து' (பழைய அரபு அளவு ஒன்று), ஊரில் பிரதானமாகச் சாப்பிடும் தானியத்தில். நமக்கு அரிசி. ஆளுக்கு முக்கால் கிலோ என்று பிடித்தால் குறையாது, பத்துப் பேருக்கு ஏழரைக் கிலோ. சோறு சமைத்துப் போடுவதோ காசாகக் கொடுப்பதோ இந்த மத்ஹபில் போதாது, அரிசியாகவே கையில் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு போடலாம், பெறுமதியைக் காசாகவும் கொடுக்கலாம். உடை என்றால் ஒரு சாரம், ஒரு சேட்டு, ஒரு முக்காட்டுத் துணி போதும். பத்துப் பேரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். நீங்கள் செலவு கொடுக்கக் கடமைப்பட்ட மனைவி, சிறு பிள்ளைகள், இயலாத உம்மா வாப்பா ஆகியோருக்கு இதைக் கொடுக்க முடியாது. கஷ்டப்படுகிற ராத்தா, தம்பி, மாமி ஆகியோருக்குக் கொடுக்கலாம்.

முறிப்பதற்கு முன்பே அரிசியைக் கொடுத்துவிட்டு அப்புறம் முறிக்கவும் ஷாபிஈயில் இடமுண்டு. நோன்பை மட்டும் முறித்த பிறகுதான் பிடிக்க வேண்டும்.

நேரே மூன்று நோன்பு பிடித்துவிட்டால்?

ஏழரைக் கிலோ அரிசிக்கு வசதியிருந்தால் அது செல்லாது. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். உண்மையிலேயே வசதியில்லாதவர் பிடிக்கலாம், விட்டு விட்டும் பிடிக்கலாம். ஹனஃபிகள் தொடர்ந்து பிடிக்க வேண்டும் என்பார்கள்.

ஒருவரோடு ஒப்பந்தம் செய்தேன், அல்லாஹ் மேல் சத்தியமும் பண்ணினேன். பரிகாரம் கொடுத்துவிட்டு விலகலாமா?

முடியாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பரிகாரம் உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ள சத்தியத்துக்கு. அடுத்தவனுடைய உரிமை அதனால் கரையாது. சம்மாட்டியிடம் (வலைக்காரரிடம்) முற்பணம் வாங்கிவிட்டு, கரைவலை இழுக்கும் காலம் வந்ததும் அடுத்த வாடிக்கு (மீன்பிடிக் கொட்டிலுக்கு) போய் நிற்பது. சீட்டில் முதல் மாதமே காசை எடுத்துவிட்டு மூன்றாம் மாதத்திலிருந்து போனை எடுக்காமல் விடுவது. காணியை ஒருவருக்குப் பேசி அட்வான்ஸும் வாங்கிவிட்டு, அதிக விலை சொன்ன வேறொருவருக்குக் காணி உறுதி (பத்திரம்) எழுதிக் கொடுப்பது. கல்யாணம் பேசும்போது மஹரை (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதை) எழுதிவிட்டு, அது சும்மா எழுத்துக்கு என்று இருந்துவிடுவது. இதற்கெல்லாம் மூன்று நோன்பு என்ன, முப்பது நோன்பு பிடித்தாலும் கணக்குத் தீராது. காசு திரும்பப் போக வேண்டும், அல்லது உரிமைக்காரன் மனம் ஒப்பி மன்னிக்க வேண்டும்.

"ஈமான் கொண்டவர்களே, உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள்" என்றுதான் அல்மாயிதா சூரா தொடங்குகிறது. அதில் சத்தியம் பண்ணியிருந்தால் என்று நிபந்தனை இல்லை. செய்த ஒப்பந்தமே கட்டும், சத்தியம் மேலே போட்ட இன்னொரு பாரம். வாக்குறுதி பற்றி விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் 34. அந்நஹ்லில் 91, 92 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நூலை இறுக்கமாக முறுக்கி நூற்றுவிட்டுப் பிறகு தானே பிரித்துப் போட்ட பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதன் காரணத்தையும் அல்லாஹ் சொல்கிறான்: ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைவிடப் பெருத்துவிட்டது என்பதற்காகச் சத்தியங்களை ஏமாற்றும் வழியாக்குகிறார்கள். அதிக விலைக்காரன் வந்தான் என்று உறுதியை மாற்றி எழுதுவதும் இதே மனசுதான்.

சத்தியமும் பண்ணவில்லை, ஒன்றும் எழுதவும் இல்லை. "சரி, பார்த்துத் தாறேன்" என்று வாயால் சொன்னதுதான். அதுவும் கட்டுமா?

சட்டமாகப் பார்த்தால் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு. வெறும் வாக்கை நிறைவேற்றுவது வலியுறுத்தப்பட்ட நல்ல செயல், காரணமில்லாமல் மாற்றுவது கடுமையாக வெறுக்கப்பட்டது, ஆனால் வழக்குப் போட்டு வாங்க முடியாது என்பது ஷாபிஈ உட்படப் பெரும்பான்மையோர் சொல்வது. நீங்கள் சொன்ன வாக்கை நம்பி மற்றவர் செலவில் இறங்கிவிட்டால் அது கடமையாகிறது என்று மாலிகி மத்ஹபில் ஒரு பலமான கருத்து. "உங்கள் நெல்லை நான் எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, தோப்பூரில் ஒரு விவசாயி மற்ற வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு லொறியும் பேசி வைத்திருக்கிறார், சொன்னவர் வரவில்லை, அதற்குள் விலை இறங்கிவிட்டது என்று வையுங்கள். எனக்கு இதில் மாலிகி உலமாக்கள் சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது.

சட்டத்தை விடுங்கள். முனாபிக்கின் (நயவஞ்சகனின்) அடையாளம் மூன்று என்ற ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைக்கும் பாடம்: பேசினால் பொய், வாக்களித்தால் மாற்றுவான், நம்பினால் மோசம் செய்வான். கொடுக்கும் எண்ணமே இல்லாமல் "நாளைக்கு வாங்க" என்று சொல்வது அந்த நிமிஷமே பொய். சின்னப் பிள்ளைக்குக்கூட அப்படிச் சொல்லக் கூடாது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய உம்மா "வா, ஒன்று தாறேன்" என்று கூப்பிட, என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன்மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்).

முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுத்த வாக்கும் அதே அளவுக்குக் கட்டுமா?

ஆம், அதே அளவுக்கு. தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று மூன்று சனமும் ஒரே சந்தையில், ஒரே கடலில், ஒரே கச்சேரி (அரச அலுவலகம்) வரிசையில் நிற்கிற மாவட்டத்தில் இதற்குக் குழப்பமே இருக்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறார்கள். "அவனுக்குத்தானே" என்று மெதுவாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன், மனசு சுடும்.

ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவருடைய வாப்பாவும் வழியில் குறைஷிகளிடம் மாட்டினார்கள். மதீனாவுக்குத்தான் போகிறோம், உங்களுக்கு எதிராகப் போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து விடுதலையானார்கள். பத்ருப் போருக்குச் சற்று முன்பு அது. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான், ஒவ்வொரு ஆளும் தேவை. நபியவர்கள் அவர்கள் இருவரையும் போரில் சேர்க்கவில்லை: அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவோம், அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்றார்கள். முஸ்லிமில் உள்ளது இது. எதிரிக்குக் கொடுத்த வாக்கு, போர் நேரம், அப்படியும் முறிக்கவில்லை.

குறைஷிகளோடு செய்த ஹுதைபிய்யா ஒப்பந்தம் இன்னும் கஷ்டமானது. ஹிஜ்ரி 6, அதாவது 628. மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) காலில் விலங்கோடு வந்து விழுந்தார். குறைஷிகள் பக்கம் ஒப்பந்தம் பேச வந்த ஸுஹைல் அவருடைய சொந்த வாப்பா. விட்டுவிடும்படி நபியவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஸுஹைல் இணங்கவில்லை. திருப்பி அனுப்பினார்கள், பொறுமையாக இரு, அல்லாஹ் வழி வைப்பான் என்று சொல்லி. தோழர்கள் தாங்க முடியாமல் தவித்தார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

மக்காவை விட்டு ஹிஜ்ரத் போன நேரத்தில்கூட நபியவர்கள், ஊரார் நம்பிக் கொடுத்து வைத்திருந்த அமானிதப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர அலி (ரலி) அவர்களை விட்டுத்தான் போனார்கள். சொந்த ஊரை விட்டு விரட்டியவர்களின் பொருட்கள் அவை. 2006இல் யுத்தத்தால் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு ஓடிய காலத்தைக் கண்டவர்களுக்கு, சாவியையும் உறுதியையும் அடுத்தவரிடம் நம்பிக் கொடுத்துப் போவது என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. யாருடைய பொருளாவது இன்னும் உங்களிடம் இருந்தால், அவர் எந்த மதமாக இருந்தாலும், தேடிப் போய்க் கொடுங்கள்.

சத்தியக் கடதாசியில் ஒரு சின்ன விஷயத்தை மாற்றி எழுதலாமா? எல்லோரும் செய்கிறார்களே?

பிள்ளையை முதலாம் தரத்தில் பெரிய ஸ்கூலில் சேர்க்க, இல்லாத முகவரியில் இருப்பதாகச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். சின்ன விஷயம் இல்லை. உண்மையில் பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பிள்ளையின் இடம் அதனால் போகிறது. தெரிந்துகொண்டே நடந்ததை மாற்றி அல்லாஹ் மேல் செய்யும் சத்தியத்துக்கு 'கமூஸ்' என்று பெயர், பெரும்பாவங்களின் வரிசையில் வருவது. ஷாபிஈயில் தவ்பாவோடு பரிகாரமும் வேண்டும். மற்ற மூன்று மத்ஹபுகளிலும் பரிகாரமே இல்லை என்பார்கள், லேசு என்பதால் அல்ல, பத்துப் பேருக்கு அரிசி கொடுத்துத் தீர்க்க முடியாத அளவுக்குப் பெரிது என்பதால். படிவத்தில் அல்லாஹ்வின் பெயர் இல்லை, 'உறுதியளிக்கிறேன்' என்றுதான் இருக்கிறது என்று தப்பிக்கவும் வேண்டாம். பொய்ச்சாட்சியும் பெரும்பாவம்தான்.

பொய்ச் சத்தியத்தால் அடுத்தவர் உரிமையைப் பறிப்பவருக்கு நரகம் என்று நபியவர்கள் சொன்னபோது, அது அற்பப் பொருளாக இருந்தாலுமா என்று கேட்டார்கள். மிஸ்வாக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும் என்றார்கள். ஆலஇம்ரான் 77 இறங்கிய சம்பவமும் ஒரு காணி வழக்குத்தான். அஷ்அஸ் என்ற தோழருக்கும் ஒரு யூதருக்கும் நிலத் தகராறு. நபியவர்கள் அஷ்அஸிடம் சாட்சி கேட்டார்கள், இல்லை. அப்படியானால் சத்தியம் செய்யும் உரிமை அந்த யூதருக்கு என்று தீர்த்தார்கள். தோழர் என்பதற்காகச் சட்டம் வளையவில்லை.

மனசுக்குள் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினால்?

வழக்கில் எதிராளிக்கு முன்னால் அது எடுபடாது. உன் சத்தியம், உன்னிடம் சத்தியம் கேட்டவர் எதை விளங்கிக்கொண்டாரோ அதன்படிதான் என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

"இன்ஷா அல்லாஹ்" சேர்த்துச் சொன்னால்?

சத்தியத்தோடு சேர்த்து, இடைவெளி விடாமல், அந்த எண்ணத்தோடு சொன்னால் முறித்தாலும் பரிகாரமில்லை. ஆனால் கடன்காரனிடம் "இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை" என்று கொடுக்கும் எண்ணமே இல்லாமல் சொல்வது வேறு. அந்த அழகான வார்த்தையை நம்மில் சிலர் 'இல்லை' என்பதற்குப் பதிலாகப் பாவித்துப் பாவித்து, கேட்பவர் நம்பாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது.

மீன் கடையில், புடவைக் கடையில் "வல்லாஹி, வாங்கின விலைக்குத்தான் தாறேன்" என்கிறார்களே?

உண்மையானாலும் தவிர்க்க வேண்டும். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழி. பொய்யானால் மேலே சொன்ன கமூஸ். மீன் நல்ல மீன் என்றால் செவுளைத் தூக்கிக் காட்டுங்கள், போதும்.

மகன் ஏ.எல். பாஸானால் ஆடு அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பதாக நேர்ந்தேன். கட்டாயமா?

பாஸானால் கட்டாயம். அல்லாஹ்வுக்கு வழிப்படுவதாக நேர்ந்தவர் நிறைவேற்றட்டும், மாறு செய்வதாக நேர்ந்தவர் மாறு செய்ய வேண்டாம் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஆனால் இப்படி நிபந்தனை போட்டு நேர்வதை நபியவர்கள் விரும்பவில்லை. அது விதியில் எதையும் மாற்றாது, கஞ்சனிடமிருந்து ஒன்றை வெளியில் எடுக்கும், அவ்வளவுதான் என்றார்கள். மகன் பாஸாக வேண்டுமென்றால் துஆச் செய்யுங்கள், ஸதகாவை (தர்மத்தை) இப்போதே கொடுங்கள்.

உடம்பை வதைக்கும் நேர்ச்சையும் இல்லை. அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நிற்பேன், உட்கார மாட்டேன், நிழலுக்குப் போக மாட்டேன், பேச மாட்டேன், நோன்பும் இருப்பேன் என்று நேர்ந்து நின்றார். பேசச் சொல்லுங்கள், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் முடிக்கட்டும் என்றார்கள் நபியவர்கள்.

அவ்லியாக்களின் (இறைநேசர்களின்) பெயரில் நேர்வதைப் பற்றி ஊரில் சண்டையே நடக்கிறது. நேர்ச்சை வணக்கம், வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும், இதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. அல்லாஹ்வுக்கென்றே நேர்ந்து, சோற்றை இன்ன இடத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்பவரோடு மல்லுக்கு நிற்கவும் மாட்டேன்.

மனைவியோடு சேர மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர்?

அதிகபட்சம் நான்கு மாதம் என்று அல்பகரா 226 எல்லை போடுகிறது. அதற்குள் திரும்பிவிட்டுப் பரிகாரம் கொடுக்க வேண்டும், அதற்கு மேலும் அவளை அந்தரத்தில் தொங்கவிட முடியாது. "இப்படிச் செய்தால் நீ தலாக்" என்று சொன்னவர்கள் வீட்டுக்குள் பேசி முடிக்காமல் இன்றைக்கே ஆலிமிடம் போங்கள்.

வாப்பா மவுத்தாகிவிட்டார். அவர் நேர்ந்ததும் இருக்கிறது, வாக்குக் கொடுத்த கடனும் இருக்கிறது. என்ன செய்ய?

என் உம்மா ஹஜ் செய்ய நேர்ந்தார், செய்யாமலே மவுத்தாகிவிட்டார், அவருக்காக நான் செய்யலாமா என்று ஒரு பெண் கேட்டபோது, உன் உம்மாவுக்குக் கடன் இருந்தால் கட்டியிருப்பாய் அல்லவா, அல்லாஹ்வின் கடனையும் கட்டு என்றார்கள் நபியவர்கள். ஆகவே இரண்டும் கடன்தான், இரண்டும் வாரிசுப் பங்கு பிரிப்பதற்கு முன்னால். அந்நிஸா 11 பங்கைச் சொல்லும்போதே வஸிய்யத்துக்கும் (மரண சாசனத்துக்கும்) கடனுக்கும் பிறகு என்று சொல்கிறது. கத்தத்துக்கு (மவுத்தானவருக்காக ஓதிச் சோறு கொடுப்பதற்கு) சமைப்பதற்கு முன் வாப்பாவின் கணக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள், கடையில், வாடியில், வயலில் அவரோடு பழகியவர்களிடம் கேளுங்கள், ஜனாஸா வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் போனவர்களிடமும் கேளுங்கள். காணி விற்றுத்தான் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பங்கு. வாப்பா ஒன்றும் விட்டுப் போகவில்லையென்றால் பிள்ளைகள் மேல் சட்டப்படி கடமையில்லை, ஆனாலும் முடிந்தவர்கள் கொடுத்துவிடுங்கள், முடியாதவர்கள் கடன் கொடுத்தவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள்.